நூறாவது எட்டு

வணக்கம் சொல்வதற்கு முன்னால் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் இந்தக் காந்தா, லைசென்ஸுக்காக எட்டு போடும் தேர்வில் நான்கு தடவை தோற்றவள். நான்காவது தடவை, எட்டின் கழுத்தில் வளைய வேண்டியவள் வளையாமல் நேரே போய், ஆய்வாளர் ஐயாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த சாப்பாட்டுக் கேரியரில் மோதி, அவர் வீட்டுச் சாம்பாரைச் சாலை வரைக்கும் ஓடவிட்டவள். இதை நானே சொல்லிவிட்டேன். இனிமேல் என் மாணவி அலமு சொல்லிச் சிரிக்க முடியாது. அப்பாடா!

இப்போது வணக்கம்.

இந்த விழாவுக்குத் தலைமை தாங்கி, தலைநிமிர்ந்து வீற்றிருக்கும் மருந்துக்கடை திருஞானசம்பந்தம் ஐயா அவர்களே! (முறைக்காதீர்கள் ஐயா, தலைக்கு மை போட்டிருப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.) முன்வரிசையில் அமர்ந்து மூன்று மணி நேரம் பேசினாலும் முகம் சுளிக்காத முதியோர்களே! பட்டு நெய்யும் கையால் பிரேக் பிடிக்கவும் பழகிக்கொண்ட பாசமிகு தாய்மார்களே! அந்தத் தாய்மார்கள் ஓட்டிய வண்டியில் பின்னால் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, காமாட்சியையும் வரதரையும் மாறி மாறி அழைத்தபடி பத்திரமாக வந்துசேர்ந்த பண்புமிக்க கணவன்மார்களே! பசியோடு வந்திருப்போரே, சாம்பார் வாசனைக்கு வந்திருப்போரே, உங்கள் எல்லோருக்கும் இந்தச் செவிலிமேட்டுக் காந்தாவின் வணக்கம்!

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள். இந்த மேடைத்தமிழ் பள்ளிக்கூடம் கொடுத்ததல்ல. தேரடியில் கூட்டம் நடந்த நாளெல்லாம் தரையில் உட்கார்ந்து, காதால் பொறுக்கிச் சேர்த்தது. ஆகவே பேச்சு எங்கேயாவது கோட்டைத் தொட்டுவிட்டால், காலை ஊன்றிவிட்டாள் என்று என்னை ஃபெயிலாக்கிவிடாதீர்கள். ஐந்தாவது தோல்வியைத் தாங்க எனக்கு வயதில்லை.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? என்னிடம் பயின்றவர்களில் நூறாவது பெண் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். அதோ, மூன்றாவது வரிசையில், முக்காட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்குகிறாளே, அவள்தான் சைதுன். பக்கத்தில் அவள் கணவர், ஜரிகை வியாபாரி சனாவுல்லா பாய். எழுந்து நில்லுங்கள் பாய். நீங்கள் இல்லை, உட்காருங்கள். அவளை நிற்கச் சொல்லுங்கள். கை தட்டுங்கள் தாய்மார்களே! இன்னும் பலமாக!

நூறு என்பது பெரிய எண்ணா? இல்லை. லைசென்ஸ் என்பது பெரிய பொருளா? இல்லை, பர்ஸில் ஒரு மூலையில் கிடக்கும் அட்டை. பிறகு எதற்கு இந்தப் பந்தல், இந்த வாழைமரம், இந்த மைக் செட்? சொல்கிறேன். இந்த நூறாவது பெண், போன மாதம் இந்த ஊரை விட்டே போயிருக்க வேண்டியவள். போயிருந்தால் தப்பு என்னுடையது. அதை நாலு பேர் நடுவே சொல்லத்தான் மேடை ஏறினேன்.

என் பயிற்சி முறை உங்களுக்குத் தெரியும். டவுன் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால், வீடு கட்டாத மனைகள் கிடக்கின்றன. விடிந்ததும் அங்கே கோலமாவால் பெரிய எட்டு ஒன்று போடுவேன். பெண்கள் அதன்மேல் ஓட்டுவார்கள். நான் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். ஓடிக்கொண்டே இரண்டு வேலை செய்வேன். ஒன்று, கத்துவது: "கோடு! கோடு! கோட்டைப் பாரும்மா!" இன்னொன்று, கேலி செய்வது.

கேலி இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. வருகிறவர்களுக்கெல்லாம் முதல் நாளே ஒரு பட்டப்பெயர் கொடுத்துவிடுவேன். நர்ஸ் அலமு ஹாரனிலிருந்து கையை எடுக்கமாட்டாள், அவள் ஆம்புலன்ஸ். காமாட்சியம்மாள், தறியில் இருபது வருஷம் உட்கார்ந்தவர், வண்டியை அத்தனை நிதானமாக நகர்த்துவார், அவர் பல்லக்கு. ஸுபத்ரா டீச்சர் காலி மனையிலும் கையை நீட்டி நீட்டித் திரும்புவார். அவர் டிராபிக் போலீஸ். இந்தச் சைதுன் வண்டியில் ஏறியதும் கழுத்து அசையாது, தோள் அசையாது, முகம் அசையாது. அவளுக்கு ஃபிரிட்ஜ் என்று பெயர் வைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்ததால் சரி என்று நினைத்தேன்.

தேர்வுக்குப் போனாள். எட்டின் முதல் வளைவு முடிந்தது. இரண்டாவது வளைவில் காலை ஊன்றினாள். மறுபடி போனாள், அதே இரண்டாவது வளைவு, அதே கால். "ஃபிரிட்ஜுக்கு கரண்டு போயிடுச்சுப்பா!" என்று அங்கேயே கத்தினேன். வரிசையில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள்.

மறுநாள் அவள் பயிற்சிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. ஆறு பேருக்கு ஐந்து பேர் ஆனால் ஓட்டம் குறைந்தது என்று முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டேன்.

இங்கேதான் என் கதைக்குள் கடல் தாண்டி ஒரு அம்மா வருகிறார். பெயர் பொன்னியம்மாள். ஊர் தென்னாப்பிரிக்காவில் டர்பன். கரும்புத் தோட்டத்துக்கு அந்தக் காலத்தில் கப்பலேறிய தமிழர்களின் வழிவந்தவர். மகள் கல்யாணத்துக்காக இங்கே மூன்று பட்டுப்புடவை நெய்யக் கொடுத்துவிட்டு, தறியிலிருந்து அறுக்கும்வரை எங்கள் எதிர்வீட்டு மாடியில் தங்கியிருந்தார். பொழுது போகாமல் தினமும் காலையில் மனைக்கு வந்து, செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்து எங்களைப் பார்ப்பார். அவரும் ஒரு கோச் என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடப் பெண்களுக்கு நெட்பால் சொல்லிக்கொடுப்பவர். கூடையில் போடும் பந்துதான், ஆனால் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக்கூடாதாம். அதற்கு ஒரு ஆட்டமா என்று கேட்டேன். சிரித்தார். சைதுன் நின்றுபோன ஐந்தாம் நாள் அவர் என்னைக் கேட்டார்.

"அம்மாடி, அந்த முக்காடு போட்ட பொண்ணு எங்கே?"

"யாரு, ஃபிரிட்ஜா? அது நாலு நாளா வரலைங்க."

"அவ பேரு என்னம்மா?"

தாய்மார்களே, என் வாயில் ஃபிரிட்ஜ் வந்தது, பெயர் வரவில்லை. முப்பத்தைந்து நாள் அவள் பின்னால் ஓடியவள், நோட்டைப் புரட்டித்தான் பெயர் சொன்னேன்.

"அவ எதுக்கு வண்டி கத்துக்கிறா?"

"எதுக்குக் கத்துக்குவாங்க? ஓட்டத்தான்."

"எதுக்கு ஓட்டணும் அவ?"

எனக்குத் தெரியவில்லை. அவள் முதுகில் ஜாக்கெட் தையல் எந்தப் பக்கம் கோணல் என்று தெரியும். அவள் முகம் எப்படி வாடும் என்று தெரியாது.

அப்போது பொன்னியம்மாள் தன் கதையைச் சொன்னார்.

"எங்க ஊர்ல முன்னால வெவ்வேற ஜனத்துக்கு வெவ்வேற பள்ளிக்கூடம்மா. அந்தச் சட்டமெல்லாம் போனப்புறம் ஜூலு இனத்துப் பிள்ளைங்க என் டீமுக்கு வந்தாங்க. மொத நாள் வாயில விசிலோட போனேன். ஒருத்தி முன்னால வந்து, 'ஸவுபோனா, மிஸ்' அப்படின்னா. நான் தலையை ஆட்டிட்டு விசில் ஊதினேன். ஒருத்தியும் நகரலே."

"ஏங்க, ஸ்டிரைக்கா?"

"ஸ்டிரைக்கு இல்லே. நான் பதில் சொல்லலே. பதில் வராம ஆட்டம் எப்படித் தொடங்கும்னு நிக்கிறாங்க. அது அவங்க வணக்கம்மா. 'நாங்க உன்னைப் பார்க்கிறோம்'னு அர்த்தம். ஒருத்தியே நின்னு சொன்னாலும் 'நாங்க'தான். எப்படியிருக்கேன்னு கேட்டா, 'ங்கிகோனா'ம்பாங்க. 'இங்கே இருக்கேன்'னு அர்த்தம். சுத்தி இருக்கிறவங்க பார்க்கலேன்னா ஒருத்தி முழு மனுஷியா இருக்க முடியாதுன்னு நினைக்கிற ஜனம் அது. அந்த நினைப்புக்கு உபுண்டுன்னு பேரு. அன்னையிலேர்ந்து ஒவ்வொருத்தி முகத்தையும் பார்த்து, பதில் வாங்கினப்புறம்தான் விசில் ஊதறேன்."

நான் சும்மா இருப்பேனா? "நல்லாத்தான் இருக்குது. ஆனா ஆறு பேர் மூஞ்சியையும் நின்னு பார்த்துக்கினு இருந்தா வெயில் வந்துடுமேங்க?" என்றேன்.

"வெயில் வந்தா உனக்குத் தெரியுது. ஒருத்தி வராதது நாலு நாளா தெரியலையேம்மா" என்றார்.

திட்டவில்லை. குரலை உயர்த்தவில்லை. ஆனால் ஊரையே வாயடைக்க வைக்கும் இந்தக் காந்தாவின் வாய் அன்று அடைத்தது. அலமு, அந்த நாளைக் காலண்டரில் குறித்துவைத்திருக்கிறாயாமே? வைத்துக்கொள், மறுபடி வராது.

பெரியோர்களே! பயிற்சி என்பது என்ன? பிரேக்கைக் காட்டுவதா? பின்னால் ஓடுவதா? கோடு போடுவதா, கோட்டைத் தொட்டவளைக் கேலி செய்வதா? கையைத் திருத்துகிறோம், காலைத் திருத்துகிறோம். அந்தக் கைக்கும் காலுக்கும் நடுவே ஓர் ஆள் இருக்கிறாளே, அவளை யார் பார்ப்பது? கற்றுக்கொடுக்கத் தெரிந்த எனக்குக் காணத் தெரியவில்லையே! கேலி பேசத் தெரிந்த எனக்குக் கேட்கத் தெரியவில்லையே!

அன்று காலையே சைதுன் வீட்டுக்குப் போனேன். வாசலில் சனாவுல்லா பாய் நின்றிருந்தார். என் பக்கம் திரும்பினார், ஆனால் என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தார்.

"யாரும்மா?"

"நான் காந்தா, வண்டி கத்துக்குடுக்கிறவ."

"அடடே, வாங்கம்மா, வாங்க! சைதுன் தினம் உங்க பேச்சைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. நாலு நாளாத்தான் சிரிப்பு இல்ல."

அப்போதுதான் தெரிந்தது, பாய்க்கு வலது கண் முழுக்கப் போய்விட்டது, இடது கண்ணும் மங்கல். இனி வண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். திருப்புட்குழியிலும் முசரவாக்கத்திலும் இருக்கும் தறிகளுக்கு ஜரிகை கொண்டுபோய்க் கொடுப்பது அவர் தொழில். ஜரிகை போகாவிட்டால் தறி நிற்கும். தறிக்காரர் வேறு கடைக்குப் போவார். சைதுன் வண்டி ஓட்டினால் கடை இருக்கும். இல்லையென்றால் கடையை மூடிவிட்டு, ஆற்காட்டில் அண்ணன் வீட்டோடு போய்ச் சேர்ந்துவிடுவது என்று முடிவு. அவளுடைய எல்.எல்.ஆர்., அதாவது பழகுநர் உரிமம், முடிய மூன்று வாரம்தான் பாக்கி. அதற்குள் ஒரே ஒரு தேர்வு.

இவ்வளவு பாரத்தை மடியில் வைத்துக்கொண்டு ஏறியவளைத்தான் ஃபிரிட்ஜ் என்றேன்.

உள்ளே சைதுன் ஜரிகை சுற்றிக்கொண்டிருந்தாள். "சைதுன்" என்று கூப்பிட்டேன். நிமிரவில்லை. அந்த மெல்லிய இழைக்கு அரை சாண் தூரத்தில் கண்ணை வைத்து, கண்டு முழுவதும் சுற்றி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"யக்கா, என் பேரு உங்களுக்குத் தெரியுமா?"

"இன்னிக்குத்தான் தெரிஞ்சுது" என்றேன். பொய் சொல்ல முடியவில்லை.

"கோவம் இல்லக்கா. ஆனா எங்கூட்ல ஒரு ஃபிரிட்ஜு இருக்குது. தண்ணி எடுக்கத் தொறந்தாலும் நீங்க கத்தறதுதான் காதுல கேக்குது."

தாய்மார்களே, சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள், அவளே சிரிக்கிறாள். அன்று அவள் சிரிக்கவில்லை. நான் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தேன். "தப்பு என்னுதுமா" என்றேன். "எப்படி இருக்கே?" என்று கேட்டேன். அவள் இருபது நிமிஷம் பேசினாள், நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. என் வீட்டுக்காரரைக் கேளுங்கள், இருபது வருஷத்தில் அவருக்கு இந்தப் பாக்கியம் கிடைத்ததில்லை.

அப்படிப் பேசும்போதே பிடிபட்டது. இழையைப் பார்த்துப் பழகிய கண் அது. நானோ பின்னால் ஓடிக்கொண்டு, "கோட்டைப் பாரு, கோட்டைப் பாரு" என்று கத்தினேன். அவள் சொன்ன சொல் தட்டாதவள். ஜரிகையைப் பார்ப்பதுபோல் முன்சக்கரத்துக்கடியில் கோலமாவுக் கோட்டையே பார்த்தாள். வண்டி ஓட்டுகிறவர்களைக் கேளுங்கள்: கண் எங்கே போகிறதோ வண்டி அங்கேதான் போகும். கீழே பார்த்தால் கீழேதான் விழும். அவளுக்கு வளையத் தெரியாமல் இல்லை. நான் நிற்கும் இடம் தப்பு!

மறுநாள் விடிந்ததும் கேரியரை விட்டேன். கத்தலை விட்டேன். திரும்பி வந்த சைதுனோடு ஆறு பேரையும் நிற்கவைத்து, ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்து, பெயர் சொல்லி, எப்படி இருக்கே என்று கேட்டேன். அலமு முதலில் தெர்மாமீட்டரை எடுத்து எனக்கு ஜுரமா என்று பார்த்தாள். பிறகு அவளுக்கே கண் கலங்கிவிட்டது. அவள் விண்ணப்பித்திருந்த வேறு வேலை முந்தைய வாரம் கிடைக்காமல் போயிற்றாம். காமாட்சியம்மாளுக்கு இடுப்பு வலி. ஸுபத்ரா டீச்சருக்கு மாமியாரோடு பேச்சுவார்த்தை இல்லை. ஒருத்தி விஷயம் இன்னொருத்திக்குத் தெரிந்தது. வெயில் வந்தது. வந்தால் என்ன?

அப்புறம் நான் எட்டின் தலைமாட்டில் போய் நின்றேன். "சைதுன், கோட்டை மறந்துடு. என் மூஞ்சியைப் பாரு. அழகா இல்லேன்னாலும் பாரு" என்றேன். பார்த்தாள். வண்டி வளைந்தது! நான் ஓடிப்போய்க் கால்மாட்டில் நின்றேன். பார்த்தாள். வண்டி வளைந்தது! பொன்னியம்மாள் செங்கல்மேல் எழுந்து நின்று அவர்கள் ஊர்ப் பாணியில் நாக்கைச் சுழற்றிக் குரல் கொடுத்தார். பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் இழவு வீடோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

தேர்வு நாள் வந்தது. மைதானத்தைச் சுற்றிக் கம்பிவேலி. கற்றுக்கொடுப்பவர் உள்ளே போகக்கூடாது. வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். சைதுன் வண்டியைக் கிளப்பிவிட்டாள். அப்போதுதான் என் புத்தியில் உறைத்தது: முதல் வளைவில் அவளுக்கு என் முகம் தெரியும், இரண்டாவது வளைவு அந்தப் பக்கம் திரும்புகிறது! அங்கே எந்த முகத்தைப் பார்ப்பாள்? இரண்டு தடவை தோற்ற இடமே அதுதானே! இவ்வளவையும் யோசித்த நான் இதை யோசிக்கவில்லையே! அங்கே ஓடிப்போக நேரமில்லை. கடை போச்சு, ஊர் போச்சு, ஆற்காட்டு பஸ்தான் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒரு ஹாரன் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தேன்.

மைதானத்துக்கு அந்தப் பக்கம், வேலியை ஒட்டி அலமு நிற்கிறாள்! கையில் வண்டி இல்லை. வாயாலேயே ஹாரன் அடிக்கிறாள். அவளுக்கு நாலடி தள்ளிக் காமாட்சியம்மாள். அதற்கு நாலடி தள்ளி ஸுபத்ரா டீச்சர், கையை நீட்டியபடி. வளைவைச் சுற்றி முகம், முகம், முகம்! யார் சொல்லிப் போனார்கள்? நான் சொல்லவில்லை. யார் கணக்குப் போட்டு நிறுத்தினார்கள்? நான் நிறுத்தவில்லை. ஆய்வாளர் ஐயா நாற்காலியிலிருந்து திரும்பினார்.

"ஏம்மா, வேலி ஓரமா என்ன கூட்டம்?"

"ஒண்ணும் இல்ல சார், பார்க்குறோம்" என்றாள் அலமு.

"என்னத்தைப் பார்க்குறீங்க?"

"அவங்களைத்தான் சார்."

சைதுன் நிமிர்ந்தாள். அலமுவைப் பார்த்தாள், வண்டி அலமுவை நோக்கிச் சாய்ந்தது. காமாட்சியம்மாளைப் பார்த்தாள், வண்டி அவரைச் சுற்றிக்கொண்டு வந்தது. டீச்சரைப் பார்த்தாள், வண்டி எட்டின் கழுத்துக்குள் நுழைந்தது. அந்தப் பக்கம் முடிந்து இந்தப் பக்கம் திரும்பியபோது என்னைப் பார்த்தாள். கால் தரையைத் தொடவில்லை! "போதும்மா, நிறுத்து" என்றார் ஆய்வாளர். அவள் நிறுத்தவில்லை. இன்னொரு எட்டு போட்டாள். "நிறுத்தக் கத்துக்குடுக்கலையா?" என்று என்னைக் கேட்டார். அவருடைய சாப்பாட்டுக் கேரியர் பத்திரமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன். அப்பாடா!

வெளியே வந்தாள். முக்காடு நழுவியிருந்தது. எனக்கு வேறு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

"எப்படி இருக்கே சைதுன்?"

"இங்கதான்க்கா இருக்கேன்" என்றாள். "எங்கயும் போவல."

அப்பாடா தாய்மார்களே, அப்பாடா! இத்தனை வயதில் எத்தனையோ பெருமூச்சு விட்டிருக்கிறேன். அன்று விட்டது போல் ஒன்று விட்டதில்லை.

பெரியோர்களே! டர்பன் எங்கே, செவிலிமேடு எங்கே? ஜூலு பிள்ளைகளின் வணக்கம் எங்கே, நம் கோலமாவு எட்டு எங்கே? ஆனால் அந்தப் பிள்ளைகள் ஏன் 'நான் பார்க்கிறேன்' என்று சொல்லாமல் 'நாங்கள் பார்க்கிறோம்' என்கிறார்கள் என்று அந்த வேலிக்கு வெளியே நின்றபோது எனக்குப் புரிந்தது. என் ஒரு முகம் ஒரு வளைவுக்குத்தான் போதும். மறு வளைவுக்கு மற்ற முகங்கள் வேண்டும். நூறு பேருக்கு நான் கற்றுக்கொடுத்தேன் என்று இந்தப் பேனரில் போட்டிருக்கிறார்கள். தொண்ணூற்றொன்பது என்று திருத்துங்கள்! நூறாவது எட்டை நான் கற்றுக்கொடுக்கவில்லை. சுற்றி நின்றவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். நாளை உங்கள் கடையில் ஒருவர் வேலை பழகுவார், உங்கள் வீட்டுக்கு ஒரு மருமகள் வருவாள், உங்கள் தறியில் ஒருவர் புதிதாக உட்காருவார். அவர் பின்னால் நின்று கத்தாதீர்கள். முன்னால் வாருங்கள்! முகத்தைக் காட்டுங்கள்! பெயரைச் சொல்லுங்கள்! எப்படி இருக்கே என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நில்லுங்கள்! அந்தப் பதில் வந்துவிட்டால், வண்டி தானாக வளையும்!

கேலியை விட்டுவிட்டேனா என்று பின்வரிசையில் கேட்கிறீர்கள். விடவில்லை. இப்போது சைதுன்தான் எனக்குப் பெயர் வைத்திருக்கிறாள். அது என்ன பெயர் என்று மேடையில் சொல்லமாட்டேன்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பந்தல் போட்டவருக்கும், மைக் போட்டவருக்கும், பொறுமையோடு கேட்டவருக்கும், மூன்று புடவையோடு ஊர் போய்ச் சேர்ந்துவிட்ட பொன்னியம்மாளுக்கும் என் நன்றி. உங்கள் ஒவ்வொருவரையும் நாங்கள் பார்க்கிறோம்.

கடைசியாக, இப்போது மேடைக்கு ஒரு துண்டுச்சீட்டு வந்திருக்கிறது. சைதுன் எழுதியிருக்கிறாள். படிக்கிறேன். "யக்கா, உங்க வண்டிக்கு ஸ்டாண்டு சரியா போடல. சாஞ்சிடுச்சு. நான் நிமித்தி வெச்சிட்டேன். வண்டிக்கு ஒண்ணும் ஆவல. சாம்பார் அண்டா மேல சாஞ்சிது."

ஆகவே மதியச் சாப்பாடு ரசத்திலிருந்து தொடங்கும். வணக்கம்.